பச்சை இதய முத்திரை

பார்சல் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சீல்காரர் என்றால் போதும், கூட்டிப் பெருக்குகிற அம்மாவிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். வரிசையாக வருகிற பெட்டிகளின் மேல் 'பரிசோதிக்கப்பட்டது' என்று சீல் குத்துவது அவர் வேலை. பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்குத் தனியாக ஓர் ஆள் இருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. சீல் மட்டும் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது. எந்தப் பெட்டியும் திரும்பி வந்து நியாயம் கேட்காததால் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று மேலாளர் நம்பினார், சீல்காரரும் நம்பினார்.

சீல் குத்துகிறவருக்குச் சீலின் மேல் இருக்கும் பக்தியே தனி. அவர் வீட்டில் பற்பசை முதல் பாய் வரை முத்திரை இல்லாத பொருள் உள்ளே வராது. மனைவிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே அவர் கடைக்குப் போய், உணவு வாய்மை வாரியத்தின் பச்சை இதய முத்திரை போட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஓர் இதயம். அதன் கீழே 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்து. அன்றிலிருந்து வீட்டில் இருவரும் சர்க்கரையை விட்டார்கள். அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பா மூடியபடியே கிடந்தது.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். புத்தகம் அச்சாகும் முன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழை பொறுக்குகிற வேலை. இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எல்லாம் மங்கல். அறுவை செய்தால் சரியாகிவிடும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அச்சகத்து முதலாளி நல்லவர்தான், அவளுடைய மேசையைக் காலியாக வைத்திருந்தார். எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்?

சாயங்காலத் தேநீருக்கு உட்காரும்போது பாக்கெட்டை அவள் தடவிப் பார்ப்பாள்.

"என்னங்க போட்டிருக்கு? படிங்க."

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை. பச்சை இதயம் போட்டிருக்கு. தைரியமா சாப்பிடு."

"நீங்க படிச்சா சரி" என்பாள் அவள். சாப்பிடுவாள்.

மறுபரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியிருந்தது. கண் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வீட்டுல யாரோ திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறாங்க சார். நோயாளிங்க இப்படித்தான். கேட்டா அழுவாங்க."

அவள் அழவில்லை. "இவர் குடுக்கறதத் தவிர நான் எதையும் வாயில வைக்கல டாக்டர்" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, அறுவைப் பட்டியலில் அவளைக் கடைசிக்குத் தள்ளி, 'ஒத்துழைக்காதவர்' என்று பக்கத்தில் எழுதினார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பச்சை இதயம் போட்ட சுவரொட்டி ஒன்று புன்னகை பூத்துக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியில் சீல்காரர் ஒரு பூட்டு வாங்கினார். சின்னப் பூட்டு, பளபளவென்று இருந்தது. சர்க்கரை டப்பாவின் கொக்கியில் அதை மாட்டிச் சாவியைத் தன் அலுவலகச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். அவள் சமையலறை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. எறும்பு வருது."

பூட்டுப் போட்ட பிறகும் சர்க்கரை இறங்கவில்லை. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார். சீல்காரர் மாடி வீட்டுக்காரியின் மேல் சந்தேகப்பட்டார். கள்ளச்சாவி இருக்குமோ என்று பரண் வரைக்கும் துழாவினார். ஒரு மதியம் அவள் கண்ணயர்ந்திருக்கும்போது அருகில் குனிந்து அவள் விரல்களை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. நிமிர்ந்தபோது அவள் கண் திறந்திருந்தது.

"திருடிய கையா இது?" என்று கேட்டாள்.

சமாதானமாக இருக்கட்டும் என்று அன்று தேநீரோடு இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்தார்.

உண்மை தெரிய வந்தது ஓர் ஆடுகிற மேசையால். சாப்பாட்டு மேசையின் ஒரு கால் குட்டை. மடித்து முட்டுக் கொடுக்கலாம் என்று காலி பாக்கெட் ஒன்றை எடுத்து ஒட்டுப் பிரித்து அகலமாக விரித்தார். இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்த மடிப்புக்குள், பாக்கெட்டைக் கிழித்து முழுசாக விரிக்கிறவன் மட்டுமே காணக்கூடிய இடத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து இருந்தது. மனைவியின் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் படித்தார். மால்ட் பாகு, திராட்சைச் செறிவு, டெக்ஸ்ட்ரோஸ், அரிசிப் பாகு, பேரீச்சைச் சாறு, ஃபிரக்டோஸ். மாவு எங்கோ பின்னால் கூச்சத்தோடு நின்றது.

பாதி அவருக்கு விளங்கவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் காட்டினார்.

"எல்லாம் ஒரே குடும்பம்தான் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "சக்கரைன்னு ஒண்ணா இருந்தா முதல் பேரா வந்து நிக்கும், எல்லாரும் பாத்துடுவாங்க. அதான் ஆளாளுக்கு வேற வேற பேருல தனிக்குடித்தனம் போயிட்டாங்க."

"நீங்களும் இத விக்கிறீங்களே! அதுவும் சுகர் மாத்திரைக்குப் பக்கத்துல!"

"முத்திரை இருக்கே சார்" என்றார் அவர், கொஞ்சம் புண்பட்ட குரலில்.

சீல்காரர் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவள் கேட்டுக் கேட்டு, அவர் படித்துப் படித்து, தன் கையாலேயே தினமும் ஊட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் விரலை வேறு முகர்ந்து பார்த்திருக்கிறார். பெற்ற தகப்பன் சொன்னால்கூட இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறவர், ஒரு பச்சைப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, நம்பியவனை நடுத்தெருவில் விட்டுவிட்டார்களே என்ற அவமானம் வந்தது.

விரித்த பாக்கெட்டோடு கண் டாக்டரிடம் ஓடி, டப்பாவுக்குப் பூட்டுப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று சொல்லி அதை நீட்டினார். டாக்டர் அதைத் தொடக்கூட இல்லை.

"பச்சை இதயம் போட்ட பொருள நான் குறை சொல்ல முடியாது சார். வாரியம் சொல்லட்டும். இதுல சர்க்கரை இருக்குன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, 'ஒத்துழைக்காதவர்'ங்கறத அடிச்சுடறேன், அறுவைக்கு முன்னால கொண்டு வந்துடறேன்."

ஒரு வரி. அவ்வளவுதானே என்று நினைத்தார் சீல்காரர்.

உணவு வாய்மை வாரியத்தின் கட்டடம் கண்ணாடியால் ஆனது, வெளியே நிற்பவர் முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. வாசலில் காவலாளி அவர் பையைச் சோதித்தார். பூதக்கண்ணாடியைக் கண்டதும் முகம் மாறியது.

"இது உள்ள அனுமதி இல்ல. திரும்பப் போறப்ப வாங்கிக்குங்க." அதற்குப் பதிலாகப் பார்வையாளர் அட்டையும், வரவேற்பாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்.

புகார்ப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி மிகவும் அன்பானவர். நாற்காலி இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க ஐயா. பிஸ்கட்டோட எந்தப் பகுதியப் பத்திப் புகார்?"

"எந்தப் பகுதின்னா? முழு பிஸ்கட்டப் பத்தித்தான்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "முழு பிஸ்கட்டா சாப்பிட்டீங்க?"

"பிஸ்கட்ட வேற எப்படிம்மா சாப்பிடறது?"

"ஒரு தடவை பரிமாறும் அளவு கால் பிஸ்கட் ஐயா. அந்தக் கால் பிஸ்கட்டுல இருக்கற சர்க்கரை ரொம்பக் கம்மி. அவ்வளவு கம்மியா இருந்தா இல்லைன்னே எழுதிக்கலாம்னு விதி இருக்கு."

"மீதி முக்கால்?"

"அது அடுத்தடுத்த பரிமாறல். அதுலயும் இல்ல" என்றார் அவர் ஆறுதலாக. "நாலு இல்லையும் சேர்ந்தா எப்படி ஐயா இருக்குன்னு ஆகும்?"

சீல்காரர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அதிகாரி ஒரு தாளில் 'முறையற்ற நுகர்வு' என்று எழுதி, அவரைப் பெயர்சூட்டு பிரிவுக்கு அனுப்பினார்.

பெயர்சூட்டு பிரிவில் ஒரு மனிதர் அகராதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தலைச்சன் பிள்ளைக்குப் பெயர் தேடுகிற தகப்பனின் பூரிப்பு முகத்தில் தெரிந்தது.

"வாங்க வாங்க. இன்னிக்குத்தான் ஒரு பேர் கண்டுபிடிச்சேன். 'தானியத் தேன்துளி'. எப்படி?"

"அது என்னது சார்?"

"சர்க்கரை" என்றார் அவர் பெருமையாக. "அந்தப் பழைய பேரக் கேட்டாலே ஜனங்க பயப்படுறாங்க. பயப்படுறது உடம்புக்கு நல்லதில்ல. நம்ம வாரியத்தோட நோக்கமே மக்கள் ஆரோக்கியம்தான்."

"ஆனா 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ன்னு முன்னால போட்டிருக்கே?"

"அதுல ஒரு எழுத்து கூடப் பொய் இல்ல. நானே தொழிற்சாலைக்குப் போய்ப் பாத்தேன். முதல்ல அண்டாவுல சர்க்கரையப் போடறாங்க. அப்புறம் அதுல மாவ சேர்க்கறாங்க. சேர்க்கப்பட்டது எது? மாவு. சர்க்கரை முதல்லயே அங்கதான் இருந்துச்சு, அத யாரும் சேர்க்கல."

தன் இருபது வயதில் இந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் சீல்காரர் ஓங்கி ஒன்று வைத்திருப்பார். இப்போது, "அந்த எழுத்த ஏன் சார் மடிப்புக்குள்ள போடறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வெளிய போட்டா அழுக்காயிடும்" என்றார் பெயர்சூட்டுநர். "உண்மைய நாங்க பத்திரமா வைக்கணும்ல?"

அங்கிருந்து முத்திரைப் பிரிவு. அந்த அறையில் நுழைந்ததும் அவருக்குக் கால் நின்றுவிட்டது. மேசைக்குப் பின்னால் தன் வயதுதான் இருக்கும், ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது கையால் பாக்கெட் படம் போட்ட அட்டையை இழுப்பார், வலது கையால் பச்சை இதயத்தை ஓங்கிக் குத்துவார், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். அந்த மணிக்கட்டுச் சுழற்சியைச் சீல்காரர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"படிச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"அது என் வேலை இல்ல சார். அதுக்குத் தனியா ஒருத்தர் இருந்தாரு. ரிட்டயர் ஆயிட்டாரு."

சீல்காரர் தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

புகார் விசாரணைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாதிக்கப்பட்டவரும் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. மடிப்பு, பாகு, பச்சை இதயம், எல்லாம். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப நான் திருடல" என்றாள்.

"அந்த வாரியம் நம்மள ஏமாத்திடுச்சு" என்றார் அவர்.

அவள் சொன்னதற்கு அது பதில் இல்லை. அவள் அதைச் சுட்டிக்காட்டவும் இல்லை.

விசாரணை மண்டபத்தில் நீளமான மேசையைச் சுற்றி வாரிய உறுப்பினர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். ஒவ்வொருவர் முன்னாலும் தேநீர்க் கோப்பை. வெள்ளை உடுப்புப் பணியாளர் ஒருவர் பிஸ்கட் தட்டோடு மேசையைச் சுற்றி வந்தார். சீல்காரரின் மனைவியை ஓர் ஓரத்தில், சாட்சிப் பொருள்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம வாரியம் மக்கள நம்புற வாரியம். மக்கள் படிக்க மாட்டாங்கன்னு நாங்க முழுசா நம்புறோம். அந்த நம்பிக்கை மேலதான் இந்தக் கட்டடமே நிக்குது. எங்கயோ ஒருத்தர் மடிப்பப் பிரிச்சுப் படிச்சுட்டார்ங்கறதுக்காக, படிக்காத லட்சக்கணக்கான பேரோட நிம்மதிய நாங்க கெடுக்க முடியுமா?" உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். "இவர் ஒரு வரி கேக்கறார். இந்த பிஸ்கட்டுல சர்க்கரை இருக்குன்னு எழுதிக் குடுக்கணுமாம். எழுதலாம். ஆனா உண்மைய எழுதினா அது எங்க முத்திரைக்கு எதிரா போகுது. முத்திரைக்கு எதிரான உண்மைக்கு நாங்க எப்படி முத்திரை போடுறது? நீங்களே சொல்லுங்க."

சொல்லச் சொன்னதும் ஓரத்திலிருந்து அவர் மனைவி எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, எனக்குக் கண்ணு சரியா தெரியாது. காது நல்லா கேக்கும். அந்தத் தட்டு இந்த மேசைய முழுசா ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. இந்த பிஸ்கட்ட நான் ஆறு மாசம் சாப்பிட்டேன், கடிச்சா அடுத்த அறைக்குக் கேக்கும். இங்க ஒருத்தர் பல்லுலயும் சத்தம் வரலையே, ஏன்?"

உறுப்பினர்கள் தட்டைப் பார்த்தார்கள். அடுக்கு குலையாமல் அப்படியே இருந்தது. தலைவர் கூச்சப்படவில்லை. அந்த இடத்துக்கு வருகிறவர்களுக்குக் கூச்சம் முன்பே அறுவை செய்து எடுக்கப்பட்டிருக்கும்.

"எனக்கு சுகர் இருக்கும்மா" என்றார் அன்பாக. "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். இங்க பாதிப் பேருக்கு இருக்கு." கைப்பைக்குள்ளிருந்து வேகவைத்த காய்கறி டப்பா ஒன்றை எடுத்துக் காட்டவும் செய்தார். "நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோம்."

தீர்ப்பு அப்போதே வாசிக்கப்பட்டது. வாரியம் வருந்துகிறது. முழு பிஸ்கட் உண்ட பெண்மணியை எச்சரிக்கிறது. இனிமேல் மடிப்புக்குள், மேலும் சிறிய எழுத்தில், 'மடிப்பைப் பிரிக்க வேண்டாம்' என்று அச்சிடப்படும். மடிப்பைப் பிரித்துப் படித்த கணவருக்கு 'விழிப்புள்ள நுகர்வோர்' என்ற சான்றிதழ் வழங்கப்படும். சான்றிதழில் பச்சை இதயம் இருந்தது. அதைக் குத்தியவர் அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் காவலாளி பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். சீல்காரர் சான்றிதழைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். காவலாளி ஓடிவந்து, முத்திரை உள்ள தாளைக் கசக்கக் கூடாது என்று சொல்லி, எடுத்து நீவி அவர் கையிலேயே கொடுத்தார்.

மடிப்பைப் பிரித்த நாளிலிருந்தே பிஸ்கட்டை நிறுத்தியிருந்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை. சர்க்கரை தானாக இறங்க ஆரம்பித்தது. அடுத்த பரிசோதனைத் தாளைப் பார்த்த கண் டாக்டர் முகமெல்லாம் மலர்ந்தார்.

"பாத்தீங்களா! பூட்டு போட்டீங்கன்னு சொன்னீங்கல்ல, அது வேலை செஞ்சிருக்கு. கட்டுப்பாடு வந்ததும் இறங்கிடுச்சு. இப்பவாவது திருந்துனாங்களே, சந்தோஷம்." 'ஒத்துழைக்காதவர்' என்பதை அடித்து 'திருந்தியவர்' என்று எழுதினார். "அடுத்த வாரமே அறுவை வெச்சுக்கலாம். என்ன சார், நான் சொன்னது சரிதானே?"

சீல்காரருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் திருந்தவில்லை டாக்டர், அவள் எதுவும் செய்யவே இல்லை, பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்னால் டாக்டர் முகம் சுளிப்பார். தேதி தள்ளிப்போகும். அச்சகத்தில் அந்த மேசை. சுவரில் பச்சை இதயம். எல்லாவற்றையும் ஒரு கணத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவளே முதலில் உள்ளே நுழைந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், சமையலறைக்குள் போனாள்.

"டாக்டர் கேட்டப்ப தலையாட்டுனீங்க" என்றாள்.

"உனக்கு எப்படி..."

"கண்ணு மங்கல்தாங்க. தலை ஆடறது தெரியுது."

"உனக்காகத்தான். தேதி போயிடுமோன்னு..."

"அந்த வாரியத்துக்காரங்க யாரோ. முன்னப்பின்ன தெரியாதவங்க ஏமாத்தினா பரவாயில்ல, தூக்கம் வரும். நான் படிக்கச் சொன்னது உங்கள." அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

அவர் சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவியைக் கழற்றினார். அவள் அலமாரியைத் தடவி டப்பாவை எடுத்து ஆடுகிற மேசைமேல் வைத்தாள். தானே பூட்டைத் திறந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து, மூடி திறந்த டப்பாவுக்குள் வைத்தாள்.

சர்க்கரை விளிம்பு வரை இருந்தது. நோய் என்று தெரிந்த நாளில் விட்ட அளவு, ஒரு கரண்டி குறையவில்லை. நெடுநாள் கிடந்து கட்டிதட்டிப் போயிருந்தது. அவர் விரல் உள்ளே போகவில்லை.

"பூட்டு போட்ட அன்னிக்கு இதத் திறந்து பாத்தீங்களா?"

பதில் கையில் பட்டுக்கொண்டிருந்தது. "என்ன மன்னிச்சுடு" என்றார் கடைசியில். அது உண்மையாகவே வந்த வார்த்தைதான். ஆனால் அது அவர் காதுக்கே சீல் குத்திய சத்தம்போல் கேட்டது.

அவள் டப்பாவை மூடினாள். பூட்டையும் சாவியையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள்.

"இது இனிமே சக்கரைக்கு வேண்டாம். நாளைக்கு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க. நீங்க சீல எடுத்து வைக்கற பெட்டிக்குப் போடுங்க."